பாண்டியில் பொன்னிற பீர் தேடிப் போய் மாமா வண்டியை மாட்டிவிட்ட கதை

இதை எழுத மூன்று மாதம் ஆகிவிட்டது. வெட்கம்தான் காரணம், வேறொன்றுமில்லை. எங்கள் வீட்டில் பாதிப் பேருக்கு இன்னமும் "வண்டி ரிப்பேர், ஷெட்டில் கிடந்தது" என்ற அளவில்தான் கதை தெரியும். போன வாரம் கூட வேலை பார்க்கும் பையன் ஒருவன், "அண்ணே, அடுத்த மாசம் பாண்டி போறோம், வரும்போது நாலு நல்ல பீர் எடுத்துட்டு வரட்டுங்களா?" என்று கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவனை உட்கார வைத்து முக்கால் மணி நேரம் பேசினேன். அன்று பேசியதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். மொத்தம் போன பணம் 17,550 ரூபாய், ஆட்டோவுக்கும் டீக்கும் கொடுத்ததைச் சேர்க்காமல். போன நாட்கள் 23. மாமா முகத்தில் நான் பார்த்த பார்வைக்குக் கணக்கு போடத் தெரியவில்லை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், அது கதைக்குத் தேவைப்படுகிறது. காங்கேயம் பக்கம் ஓர் எண்ணெய் ஆலையில் லேப் வேலை. தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் எது வந்தாலும் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, வெளிச்சத்தில் வைத்து, சிவப்பு மஞ்சள் கண்ணாடி வில்லைகளோடு ஒப்பிட்டு நிறத்துக்கு ஒரு எண் கொடுப்பது என் தினசரி வேலைகளில் ஒன்று. அந்தக் கருவிக்கு லோவிபாண்ட் என்று பெயர். பதினோரு வருஷமாக நிறம் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நிறத்தைப் பார்த்தே ஏமாந்தான் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் உறைத்த விஷயம். இதைவிடக் கூத்து, லோவிபாண்ட் என்பவரே பீர் காய்ச்சும் தொழில்காரர், பீரின் நிறத்தை அளப்பதற்காகத்தான் 1880களில் அந்தக் கருவியை உண்டாக்கினார் என்பது எனக்கு இந்தப் பயணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. பீர் காய்ச்சுகிறவர்கள் மால்ட்டின் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) நிறத்தை இன்றைக்கும் 'டிகிரி லோவிபாண்ட்' என்றுதான் சொல்கிறார்களாம்.

மே மாதம், கத்திரி வெயில். ஆலையில் பராமரிப்பு வேலை என்று ஐந்து நாள் விடுமுறை கிடைத்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் அத்தை வீடு. அங்கே தங்கிக்கொண்டு பாண்டிக்குப் போய் வரலாம், இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இல்லை என்று கணக்கு. ஊரில் கிடைக்கும் பீர் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது, சில்லென்று இருந்தால் போதும் என்று குடிப்பதைத் தவிர அதில் ருசி பார்க்க ஒன்றுமில்லை. பாண்டியில் அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கிற மைக்ரோபுரூவரி வந்துவிட்டது, பொன்னிறமாக 'பிளாண்ட்' என்று ஒரு வகை இருக்கிறது, அதைக் குடித்துப் பார் என்று நண்பன் ஒருவன் ஏற்றிவிட்டிருந்தான். நான் பெரிய குடிகாரன் இல்லை. மாசத்துக்கு இரண்டு முறை, அதுவும் பீர்தான். சின்ன நோட்டு ஒன்று எடுத்துக்கொண்டேன், லேப் பழக்கம். நிறம், நுரை, வாசனை, ருசி என்று கட்டம் எல்லாம் போட்டு வைத்தேன். சிரிக்காதீர்கள்.

முதல் நாள் பஸ்ஸில்தான் போனேன். அந்த ஒரு விஷயத்தில் புத்தி வேலை செய்தது. குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவு, முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை ஜெயில், இரண்டும் சேர்ந்தும் வரலாம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினாலே குற்றம். அதைத் தொட நம் ஆட்களுக்குப் பெரிதாக ஒன்றும் குடிக்க வேண்டாம், ஒரு பெரிய பாட்டில் போதும். ஆக பஸ். வெயிலில் ராஜ் நிவாஸ் பக்கம் சுற்றி, பாரதி பூங்காவில் கொஞ்சம் உட்கார்ந்து, காலையில் அத்தை கொடுத்த இரண்டு இட்லியைத் தவிர வயிற்றில் ஒன்றுமில்லாமல் சாயங்காலம் நாலு மணிக்குப் போய் உட்கார்ந்தேன். இங்கேயே முதல் தப்பு ஆரம்பித்துவிட்டது. மே மாத வெயிலில் நாலு மணி நேரம் வியர்த்துவிட்டு, தண்ணீர் சரியாகக் குடிக்காமல், காலி வயிற்றோடு பீர் குடிக்கப் போகக் கூடாது. போனதும் ஒரு பாட்டில் தண்ணீர் காலி செய்யுங்கள், ஏதாவது சாப்பிடுங்கள், அப்புறம்தான் மெனு கார்டைத் தொடவே வேண்டும்.

கடையின் பெயர் வேண்டாம். அவர்கள் மேல் குற்றம் பெரிதாக ஒன்றுமில்லை, நடந்ததில் முக்கால்வாசி என் முட்டாள்தனம். மெனுவில் 'டேஸ்டர் செட்' என்று இருந்தது. சின்ன கிளாஸ் நாலு, ஒவ்வொன்றும் 120 மில்லி, ஒரு மரப்பலகையில் வரிசையாக வைத்துக் கொண்டுவந்தார்கள். கோதுமை பீர் ஒன்று, சாதாரண பிளாண்ட் ஒன்று, பெல்ஜியன் பிளாண்ட் ஒன்று, கடைசியில் கருப்பாக ஸ்டவுட் ஒன்று. சன்னல் வழியாகச் சாயங்கால வெயில் அந்தப் பலகை மேல் விழுந்தது. பெல்ஜியன் பிளாண்டின் நிறம் இருக்கிறதே, செக்கில் ஆட்டி இரண்டு நாள் தெளிய வைத்த கடலை எண்ணெய் மாதிரி. மேலே வெள்ளை வெளேரென்று நுரை, அதுவும் பொசுக்கென்று அடங்காமல் கிளாஸின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டே இறங்கியது. மூக்கருகில் கொண்டுபோனால் பூவன் பழ வாசனை, அதற்குப் பின்னால் லேசாகக் கிராம்பு. பழமும் போடுவதில்லை, கிராம்பும் போடுவதில்லை, நொதிக்கும்போது ஈஸ்ட் உண்டாக்குகிற வாசனை அது என்று பரிமாறிய பையன் சொன்னான். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நோட்டில் அரைப்பக்கம் எழுதினேன்.

கருப்பு ஸ்டவுட்டை எப்படியோ குடித்து முடித்துவிட்டு, "இது ஓவர் ஸ்ட்ராங்கா இருக்கும்போல, வேண்டாம், அந்த வெளிர் கலர்லயே பெரிய கிளாஸ் கொடுங்க" என்று சொன்னேன். பையன் ஏதோ சொல்ல வந்தான், பக்கத்து மேசையில் கூப்பிட்டார்கள், போய்விட்டான். அரை லிட்டர் கிளாஸ் வந்தது. அது முடிந்ததும் இன்னொரு அரை லிட்டர். நடுவில் வஞ்சிரம் வறுவல் சொன்னேன், காரம் தூக்கலாக இருந்தது, காரத்துக்கு பீர், பீருக்குக் காரம் என்று போய்க்கொண்டே இருந்தது. உண்மையில் ருசி பார்ப்பது இரண்டாவது டேஸ்டரோடு முடிந்துவிட்டது. மிளகாய் எரிச்சலில் நாக்கு செத்துப்போன பிறகு பூவன் பழமாவது கிராம்பாவது. ருசி பார்க்க வேண்டுமென்றால் உப்புப் பொரியோ வெறும் ரொட்டித் துண்டோ போதும். வறுவலை நோட்டை மூடிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மெனுவில் ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் பொடி எழுத்தில் ஆல்கஹால் சதவீதம் போட்டிருந்தது. நான் பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து போனில் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கோதுமை 5, சாதாரண பிளாண்ட் 4.8, நான் "லைட்" என்று நினைத்து லிட்டர் கணக்கில் குடித்த பெல்ஜியன் பிளாண்ட் 6.8, பயந்து ஒதுக்கிய கருப்பு ஸ்டவுட் 4.5. நாலில் இலேசானது அந்தக் கருப்புதான்.

கணக்கு போட்டுப் பார்த்தேன். மில்லியைச் சதவீதத்தால் பெருக்கி, நூறால் வகுத்து, 0.79ஆல் பெருக்கினால் சுத்த ஆல்கஹால் எத்தனை கிராம் என்று வந்துவிடும். 330 மில்லி சின்ன பாட்டில் 5 சதவீதம் என்றால் 13 கிராம். 650 மில்லி ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் என்றால் 41 கிராம். நான் அன்று குடித்தது நாலு டேஸ்டரில் 20, இரண்டு பெரிய கிளாஸில் 54, ஆக 74 கிராம். ஒரு குவார்ட்டர் விஸ்கியில் இருப்பதே 61 கிராம்தான். பொன்னிறமாக, பழ வாசனையோடு, குவார்ட்டருக்கும் மேலே ஒன்றைக் காலி வயிற்றில் இறக்கியிருக்கிறேன். உடம்பு இதைக் கரைக்கும் வேகம் மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம் வரை என்று வைத்துக்கொண்டாலும் எட்டு மணி நேரமாவது வேண்டும். மோர் குடித்தாலும் எலுமிச்சை பிழிந்தாலும் அந்த வேகம் கூடாது. ராத்திரி குடித்துவிட்டு விடியற்காலையில் வண்டி எடுக்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

நிறத்துக்கும் போதைக்கும் ஏன் சம்பந்தமில்லை என்று அப்புறம் உட்கார்ந்து படித்தேன். பார்லியை முளைகட்டிக் காயவைப்பதுதான் மால்ட். அதை எவ்வளவு வறுக்கிறார்கள் என்பதில்தான் நிறம் வருகிறது, காபிக்கொட்டை மாதிரிதான். ஒரு சிறு பங்கு கருக வறுத்த மால்ட் போதும், மொத்த அண்டாவும் கருத்துவிடும். போதை எவ்வளவு என்பது எத்தனை சர்க்கரை நொதித்தது என்பதைப் பொறுத்தது. பெல்ஜியக்காரர்கள் வெளிர் மால்ட்டோடு சர்க்கரையும் சேர்த்து நொதிக்க விடுகிறார்கள், அதனால் நிறமும் ஏறாது, வாயில் கனமும் தெரியாது, சதவீதம் மட்டும் ஏறிக்கொள்ளும். அவர்களுடைய பீர்களில் லெஃப் பிளாண்ட் 6.6, லா ஷூஃப் 8, டூவெல் 8.5, மூன்றும் பார்க்கப் பொன்னிறம்தான். அந்தப் பக்கம் கருகருவென்று இருக்கிற கின்னஸ் டிராட் வெறும் 4.2. ஜெர்மன்காரர்களின் கொல்ஷ், ஹெல்லஸ் எல்லாம் பொன்னிறம்தான், ஆனால் 5க்குப் பக்கத்தில் நிற்கும். ஆகவே 'பிளாண்ட்' என்று மட்டும் கேட்டுவிட்டு வாங்காதீர்கள், எந்த ஊர்ப் பாணி, எத்தனை சதவீதம் என்று இரண்டு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். இன்னொன்று, வரிசை. சதவீதம் குறைந்ததில் ஆரம்பித்துக் கூடியதில் முடியுங்கள். நிறத்தை வைத்து வரிசை போட்டால் என் கதிதான்.

சரி, கதைக்கு வருகிறேன். ஏழரை மணிக்கு பில் வந்தது. மெனுவில் இருந்த விலைப்படி மனக்கணக்கு 2,430. பில்லில் 2,960. சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதற்குப் பதில் தனியாக வாட், இதெல்லாம் சட்டப்படி வருவது, கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் கீழே 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரு 243 ரூபாய் உட்கார்ந்திருந்தது. அது கட்டாயமில்லை, நாமாக விரும்பிக் கொடுப்பது, ஓட்டல்காரர்கள் தாங்களாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022லேயே வழிகாட்டுதல் போட்டிருக்கிறது. "இதை எடுத்துடுங்க" என்று தயங்காமல் சொல்லலாம். எனக்கு அன்று அந்த வரியைப் படிக்கும் நிலைமையில் கண் இல்லை. கார்டைத் தேய்த்துவிட்டு எழுந்தேன். எழுந்தபோதுதான் கால் எனக்குச் சொந்தமில்லை என்று தெரிந்தது. உட்கார்ந்திருக்கும் வரை ஒன்றும் தெரியாது, அதுதான் இந்த பீரின் வித்தை.

ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டு வந்து, 'கடலூர்' என்ற எழுத்து கண்ணில் பட்ட பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் தலையைச் சாய்த்தேன். யாரோ தோளைப் பிடித்து உலுக்குகிறார்கள். கண் விழித்தால் கண்டக்டர். "யோவ், எறங்குயா, சிதம்பரம் வந்துடுச்சு." கடலூரைத் தாண்டி நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வந்திருக்கிறேன். நான் பார்த்தது 'கடலூர்' மட்டும், 'வழி' என்ற சொல்லைப் பார்க்கவில்லை. போன் சட்டைப் பையில் இருந்தது தெய்வாதீனம். அத்தையிடமிருந்து ஒன்பது மிஸ்டுகால். போன் போட்டு நண்பன் ரூமில் தங்கிவிட்டேன் என்று ஒரு பொய். குரலை நேராக வைத்துக்கொண்டு பேசுவதற்குள் வியர்த்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே 800 ரூபாய்க்கு ஒரு லாட்ஜ், ராத்திரி முழுக்க வாந்தி, தலை வெடிக்கிற வலி. முப்பத்தாறு வயசில், தெரியாத ஊர் லாட்ஜில், பிளாஸ்டிக் வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அழுகை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். தனியாகப் போகிறவர்கள் குடிக்க உட்காருவதற்கு முன்னாலேயே ராத்திரி எங்கே படுப்பது என்பதை முடிவு செய்துவிடுங்கள், நடந்து போகிற தூரத்தில் ரூம் போட்டுவிடுங்கள். அந்தப் பணம் மிச்சம் என்று நினைத்தால் வேறு வழியில் போகும்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாள் முழுக்க அத்தை வீட்டில் ரசஞ்சாதமும் தூக்கமும். மூன்றாம் நாள் அத்தை ஒரு பை நிறைய முறுக்கும் அதிரசமும் கொடுத்து, பாண்டியில் இருக்கும் தெரிந்த பெரியவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். மாமா தன் ஸ்கூட்டர் சாவியை எடுத்து நீட்டினார். அந்த ஸ்கூட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனபோது வாங்கியது, வெள்ளிக்கிழமைதோறும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, ஹேண்டில்பாரில் ஒரு முழம் பூ சுற்றுவார். பெற்ற மகனுக்கே அதைக் கொடுக்கமாட்டார். "பாத்துப் போ மாப்ள" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பெரியவர் பாண்டியில் 'சொல்தா' என்று சொல்வார்களே, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், அந்த வகை. வயசு எண்பதுக்கு மேல். முறுக்கை வாங்கிக்கொண்டு காபி கொடுத்தார். பேச்சுவாக்கில் பிளாண்ட் கதையை, வாந்தி பாகத்தை விட்டுவிட்டு, சொன்னேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ப்ளோந்துன்னா கலரு தம்பி, அவ்வளவுதான். அங்க கடையில உக்காந்து 'ஒரு ப்ளோந்' னா வெளுத்த பீரு, 'ப்ரூன்' னா கருத்த பீரு. லைட்டா ஸ்ட்ராங்கான்னு அதுல இல்ல. நாங்க 'தெமி'தான் கேப்போம், கால் லிட்டரு. அதை வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் பேசுவோம். நீங்க என்னடான்னா அரை லிட்டர் அரை லிட்டரா ஊத்துறீங்க." அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது அந்தக் கால் லிட்டர் கணக்கு. பொன்னிற பீர் சூடேறினால் கெட்டுவிடும் என்று அவசர அவசரமாக முடிக்கிறோம். சின்ன கிளாஸாக வாங்கினால் அந்த அவசரமே இல்லை. அதற்காகப் பல் கூசும் அளவுக்கு 'கூலிங்' ஏற்றியும் குடிக்காதீர்கள், ஐஸ் மாதிரி இருந்தால் வாசனை எழும்பாது. கிளாஸ் வெளிப்பக்கம் லேசாக வியர்க்கிற அளவு குளிர்ச்சி போதும்.

அன்று நான் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. வண்டி இருக்கிறதே. ஆனால் நோட்டில் கட்டங்கள் காலியாக இருந்தது உறுத்தியது. திரும்பும்போது கடையில் மூன்று வகை பிளாண்ட், வகைக்கு இரண்டு என்று ஆறு சின்ன பாட்டில் வாங்கினேன். இரண்டு வகை நம் நாட்டில் காய்ச்சியது, ஒன்று பெல்ஜியத்து இறக்குமதி. மொத்தம் 1,140 ரூபாய், பில் வாங்கிக்கொண்டேன். ராத்திரி மொட்டை மாடியில் உட்கார்ந்து, தண்ணீரும் பொரியும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு வாய், ஒழுங்காக எழுதலாம் என்று திட்டம். திருந்திய மனிதனின் திட்டம்! சீட்டுக்கு அடியில் பழைய நாளிதழில் சுற்றி அடுக்கினேன். அந்த வெயிலில் சீட்டுக்கு அடியில் கை வைத்தால் சுடும், பீர் அங்கே பயணம் செய்தாலே பாதி செத்துவிடும் என்பதுகூட அப்போது தோன்றவில்லை. சூடுபட்ட பீருக்கு நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஒரு ருசி வந்துவிடும். வெயில் பட்டால் இன்னும் மோசம், பீரில் கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவில் இருக்கிற கசப்புப் பொருள் வெளிச்சத்தில் உடைந்து கெட்ட நாற்றம் அடிக்கும். பழுப்பு பாட்டில் ஓரளவு காப்பாற்றும், பச்சை பாட்டிலும் வெள்ளை பாட்டிலும் காப்பாற்றாது. கடையில் வெயில் விழுகிற அலமாரியில் இருக்கும் பச்சை பாட்டிலை எடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் எல்லாம் தாண்டினேன். முள்ளோடை வரைதான் புதுச்சேரி. சாலையில் ஒரு வித்தியாசமும் தெரியாது, அதே தார், அதே புளியமரம், ஆனால் அதற்கப்புறம் சட்டம் வேறு. எல்லை தாண்டிய பிறகு ஓர் இடத்தில் வண்டிகளை ஓரங்கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பயமே இல்லை. லைசென்ஸ் இருக்கிறது, ஹெல்மெட் இருக்கிறது, குடிக்கவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் அம்மா ஒருவர், "சீட்டைத் திறங்க சார்" என்றார். திறந்தேன். நாளிதழைப் பிரித்தார்.

"என்ன சார் இது?"

"பீர் மேடம். சீல்கூட உடைக்கல. பில் இருக்கு." பில்லை எடுத்துக் காட்டினேன், பெருமையாக.

அவர் ஒரு பாட்டிலை எடுத்து, லேபிளின் ஓரத்தில் விரல் நகத்தை வைத்துக் காட்டினார். புதுச்சேரியில் மட்டும் விற்பனைக்கு என்று ஆங்கிலத்தில் பொடியாக அச்சடித்திருந்தது. பெல்ஜியத்து பாட்டிலில்கூட அதே அர்த்தத்தில் ஒரு ஸ்டிக்கர். "இந்த பில்லுதான் சார் நீங்க பாண்டியில வாங்கினதுக்கு சாட்சி" என்றார். பக்கத்தில் நின்ற காவலர், "எதுக்கு சார் மூணு வெரைட்டி?" என்று கேட்டார். ருசி பார்க்க என்று சொன்னேன், நோட்டைக்கூட எடுத்துக் காட்டினேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் வண்டியும் பாட்டிலும் உள்ளே போயின, என் மேல் வழக்கும் எழுதப்பட்டது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937ஆம் வருஷத்தது. புதுச்சேரியில் கலால் வரி வேறு என்பதால் அந்த ஊர்ச் சரக்கு அனுமதியில்லாமல் இங்கே வந்தால் அது கடத்தல்தான், விலை கூடின பீர் என்பதாலோ சொந்த உபயோகத்துக்கு என்பதாலோ அது மாறாது. "ஒண்ணு ரெண்டு பாட்டில்னா விட்டுடுவாங்க" என்று ஆயிரம் பேர் சொல்வார்கள். விடலாம், விடாமலும் போகலாம், நாம் நிற்கிற அன்றைக்கு என்ன நடக்கும் என்று அந்த ஆயிரம் பேரும் வந்து சொல்லப்போவதில்லை. வண்டியைத்தான் முக்கியமாக நினைவில் வையுங்கள். பாட்டில் போனால் ஆயிரம் ரூபாய். வண்டி பறிமுதலாகி ஏலம் வரைக்கும் போகலாம், அதுவும் இரவல் வண்டி என்றால் யார் பெயரில் ஆர்சி இருக்கிறதோ அவரும் வந்து நிற்க வேண்டும்.

காரைக்கால் போகிறவர்களுக்கும் இதைச் சொல்லிவிடுகிறேன். அதுவும் புதுச்சேரிதானே என்று பாட்டிலோடு கிளம்பாதீர்கள், நடுவில் கடலூர், சிதம்பரம், சீர்காழி எல்லாம் தமிழ்நாடு. விழுப்புரம் பக்கம் போனாலும் அதே கதை, புதுச்சேரி எல்லை துண்டு துண்டாக இருக்கிறது, எங்கே உள்ளே இருக்கிறோம் எங்கே வெளியே வந்தோம் என்பது உள்ளூர்க்காரர்களுக்கே சில இடங்களில் குழப்பம். வாங்கியதை அங்கேயே, ரூமில், அளவோடு முடித்துவிடுங்கள். முடியாததை அங்கேயே விட்டுவிடுங்கள்.

மாமாவுக்கு நான்தான் போன் செய்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார், வெள்ளை வேட்டி, ஆர்சி புத்தகம் ஒரு பிளாஸ்டிக் கவரில். என்னைப் பார்க்கவில்லை. முதலில் வண்டியைத்தான் பார்த்தார். பிடித்து வைத்த வண்டிகளோடு வண்டியாக, வெயிலில், ஹேண்டில்பாரில் பூ வாடித் தொங்கிக்கொண்டு நின்றது. ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் இரண்டு டீ சொன்னார். "சக்கரை போதுமா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

அதற்கப்புறம் நடந்தது அலைச்சல். காங்கேயத்திலிருந்து கடலூருக்கு இரண்டு முறை, பஸ்ஸுக்கு 1,200. வக்கீல் 8,000. கோர்ட்டில் அபராதம் 2,000. வண்டிக்கு மனுப்போட்டு, வெளியே வர 23 நாள். வெயிலில் நின்றதில் சீட்டு வெடித்து, பேட்டரி செத்து, அதற்கு 1,450. இந்த மாதிரி மாட்டிக்கொண்டால் ஒரே ஒரு யோசனை சொல்வேன். அங்கே நின்று வாதாடாதீர்கள், யாருக்கும் பணம் நீட்டாதீர்கள், என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், எடுத்துக்கொண்ட பொருளுக்கும் வண்டிக்கும் காகிதம் கேட்டு வாங்குங்கள், அன்றைக்கே ஒரு வக்கீலைப் பாருங்கள். நான் "பாத்துக்கலாம்" என்று நாலு நாள் தள்ளிப்போட்டேன், அந்த நாலு நாள் பின்னால் பத்து நாளாக நீண்டது.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று நானும் போயிருந்தேன். மாமா குழாயைப் போட்டு நிதானமாகக் கழுவினார், சீட்டைத் தூக்கி உள்ளே துணியால் துடைத்தார். அத்தை உள்ளே போன நேரம் பார்த்து, துணியைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"ஏன் மாப்ள, அப்படி என்னதான் இருந்துச்சு அந்த பீருல? எப்படித்தான் இருந்துச்சு?"

"ஆறையும் அங்கயே எடுத்துட்டாங்க மாமா. நான் குடிச்சே பாக்கல."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் குழாயை மூடினார்.

"சரி, கலராவது நல்லா இருந்துச்சா?"